கிடார் ஆம்பிளிபயரில் பழைய டிரான்ஸ்பார்மர்: துட்டு மிச்சம்! அசந்தால் ஆள் காலி!

டிரான்சிஸ்டர் வந்தது. ஐ.சி. வந்தது. கம்ப்யூட்டரும் வந்தாச்சு. ஆனாலும் கிடார் வாசிக்கிற இளைஞர்களுக்கு வால்வு மோகம் மட்டும் விடவில்லை.

வால்வு ஆம்பிளிபயரில் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் சத்தம் கரகரவென்று உடையும். அந்தக் கரகரப்புக்குத்தான் இத்தனை கிராக்கி!

புதுசா வாங்கணும் என்றால் பர்ஸ் தாங்காது. ஆகவே பழசைப் பிடித்து மாற்றுகிறார்கள். பரணில் தூங்கிய வால்வு ரேடியோ கிடார் ஆம்பிளிபயர் ஆகிறது. வெளிநாட்டில் இருந்து வந்த சின்னப் பெட்டி, வால்வு மாறி வேறு பெட்டி ஆகிறது.

அப்படி மாற்றும்போது கன்டென்சர் புதுசு, ரெசிஸ்டர் புதுசு, சாக்கெட் புதுசு. ஒன்று மட்டும் பழசாகவே இருக்கும். அதுதான் பவர் டிரான்ஸ்பார்மர்.

காரணம், காசு. சென்னை ரிச்சி தெருவில் நுழைந்தால் கன்டென்சரும் டயோடும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வால்வுக்கு ஏற்ற டிரான்ஸ்பார்மர் வேணும் என்றால் கணக்குக் கொடுத்து, தனியாகச் சுற்றச் சொல்லி வாங்கணும். செம்பும் இரும்பும் சேர்ந்த சரக்கு. சும்மா வராது.

சரி, பழசையே மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். நல்லாச் சுற்றிய டிரான்ஸ்பார்மருக்கு 50 வயசு ஒரு வயசே இல்லை. ஆனால் கணக்குப் பார்க்காமல் மாட்டினால் அது கருகும். சில நேரம் ஆளையும் சேர்த்துக் கருக்கும்!

உள்ளே நடப்பது என்ன?

சுவரில் இருந்து வருவது 230 வோல்ட். டிரான்ஸ்பார்மர் அதைப் பங்கு போட்டுக் கொடுக்கும்.

வால்வுக்குள் இருக்கும் இழையைச் சூடாக்க 6.3 வோல்ட். இதுக்கு ஹீட்டர் சப்ளை என்று பேர். ரெக்டிபயர் வால்வு இருந்தால், சிலதில் அதுக்குத் தனியாக 5 வோல்ட். வால்வை வேலை வாங்க 250, 300 வோல்ட். இதுதான் ஹை டென்ஷன்.

இன்னொரு முக்கியமான வேலையும் அதுக்கு உண்டு. மெயின்ஸ் பக்கத்துச் சுற்று வேறு, ஆம்பிளிபயர் பக்கத்துச் சுற்று வேறு. இரண்டையும் சேர்ப்பது காந்தம் மட்டுமே. கம்பி சேராது. மெயின்ஸ் கரன்ட் உள்ளே இருக்கும் தகரச் சேசிஸை எட்டாமல் தடுப்பது அந்த இடைவெளிதான். வாசிப்பவர் உயிரும் அதில்தான் தொங்குகிறது.

டிரான்ஸ்பார்மரே இல்லாத எமன்!

ஆகவே, பெட்டியைத் திறந்ததும் பார்க்க வேண்டியது முதலில் இதைத்தான்: உள்ளே பவர் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா?

'இல்லாமல் எப்படி?' என்று கேட்கலாம். 1950, 60-களில் செலவைக் குறைக்க, டிரான்ஸ்பார்மரே இல்லாமல் ரேடியோ செய்து விற்றார்கள். மலிவான கிடார் ஆம்பிளிபயரும் அப்படி வந்தது. கல்யாண வீட்டுச் சீரியல் செட் மாதிரி வால்வு இழைகளை வரிசையாகக் கோர்த்து, நேரே மெயின்ஸில் கொடுத்துவிட்டார்கள்.

அமெரிக்க ரேடியோவில் 12.6 வோல்ட் வால்வு மூன்று, 50 வோல்ட் ஒன்று, 35 வோல்ட் ஒன்று. கூட்டினால் 122.8. அந்த ஊர் கரன்ட்டுக்குச் சரியாகப் போச்சு!

230 வோல்ட் ஊர்களில் ஓடிய 'யூ' வரிசை வால்வு செட்டிலும் இதே கதைதான். யூ.சி.எச்.81 19 வோல்ட், யூ.பி.எப்.89 19, யூ.எல்.84 45, யூ.ஒய்.85 38. மொத்தம் 121. மிச்சத்தை ஒரு ரெசிஸ்டர் தின்னும்.

இதில் என்ன ஆபத்து? இந்த மாதிரி செட்டுகளில் மெயின்ஸின் ஒரு கம்பி சேசிஸோடு சேர்ந்திருக்கும். இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்க 230 வோல்ட்!

ரேடியோவாக இருந்தவரை மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும் காப்பாற்றின. கிடார் அப்படி இல்லை. கிடாரின் கம்பிகள் ஒயர் வழியாகச் சேசிஸோடு சேர்ந்தவை. கம்பியைத் தொட்டால் சேசிஸைத் தொட்ட மாதிரி. உடம்பு வழியாக 50 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயம் நின்றுபோகலாம்.

அமெரிக்க மெக்கானிக்குகள் இந்தப் பெட்டிக்கு வைத்த பட்டப் பெயர் 'விதவையாக்கி'. சும்மா வைக்கவில்லை.

ஸ்டெப் டவுன் போட்டால் தப்பிக்கலாமா? அதிலும் ஒரு வில்லங்கம். கடையில் கிடைக்கும் ஸ்டெப் டவுன்களில் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் என்று ஒரு ரகம் உண்டு. அதில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சுற்று. வோல்டேஜ் குறையும், ஆபத்து குறையாது. தனித்தனிச் சுற்று உள்ள ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர்தான் வேணும்.

மேடையிலேயே பலி!

ஷாக் அடிச்சா உதறிட்டுப் போயிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளட்டும்.

லெஸ் ஹார்வி, 'ஸ்டோன் த க்ரோஸ்' குழுவின் கிடார்க்காரர். 1972 மே மாதம் இங்கிலாந்தை அடுத்த வேல்ஸில், ஸ்வான்சி நகர மேடையில் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டார். மின்சாரம் பாய்ந்து இறந்தார்.

கீத் ரெல்ப், 'யார்ட்பேர்ட்ஸ்' குழுவின் பாடகர். 1976 மே மாதம் வீட்டிலேயே கிடார் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி உயிர் விட்டார்.

இருவரும் தொழில் தெரிந்தவர்கள்தான். மின்சாரத்துக்குப் பெரிய ஆள், சின்ன ஆள் தெரியாது.

அமெரிக்கப் பெட்டியா? உஷார்!

டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. நல்லது. அடுத்த கேள்வி: எத்தனை வோல்ட்டுக்குச் சுற்றியது?

அமெரிக்காவுக்குச் சுற்றியது 110, 120 வோல்ட்டுக்கு. நம்ம 230-இல் செருகினால் புகைதான். இப்படிப்பட்ட பெட்டிக்கு ஸ்டெப் டவுன் கட்டாயம். இன்னொன்று, அங்கே 60 சைக்கிள், இங்கே 50. அதனால் அந்த டிரான்ஸ்பார்மர் இங்கே வழக்கத்தை விடக் கூடுதலாகச் சூடேறும். கைவசம் தாங்கும் சக்தி இருக்கணும்.

சில வால்வு ரேடியோக்களின் பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் வசதி இருக்கும். கரன்ட் 230-க்கு மேல் வரும் பகுதி என்றால் 240 பக்கம் வைப்பது உத்தமம். ஹீட்டரில் 6.3 வோல்ட்டுக்கு 10 சதவீதம் கூடவோ குறையவோ போகலாம். அதாவது 5.7 முதல் 6.9 வரை. தாண்டினால் வால்வின் ஆயுசு குறையும்.

பேராசை பெரு நஷ்டம்

டிரான்ஸ்பார்மர் கருகுவதில் பெரும்பாதிக் காரணம் பேராசை. 5 வாட் பெட்டியை 15 வாட் ஆக்கப் பார்ப்பது!

பென்டர் கம்பெனியின் 'சாம்ப்' என்ற சின்ன ஆம்பிளிபயரை எடுத்துக்கொள்வோம். 1950-களின் மாடலில் 12-ஏ-எக்ஸ்-7 ஒன்று, 6-வி-6 ஒன்று, ரெக்டிபயருக்கு 5-ஒய்-3 ஒன்று. ஹீட்டர் கணக்கு 0.3-ம் 0.45-ம் சேர்ந்து 0.75 ஆம்பியர்.

6-வி-6-ஐ எடுத்துவிட்டு இ.எல்.34 போட்டால்? அது ஒன்றே 1.5 ஆம்பியர் கேட்கும். மொத்தம் 1.8. இரண்டு மடங்குக்கும் மேல்! ஹை டென்ஷன் பக்கமும் அதிகம் இழுக்கும். அந்தச் சின்ன டிரான்ஸ்பார்மர் என்ன செய்யும், பாவம்?

ரேடியோவை மாற்றுவதில் கணக்கு நமக்குச் சாதகம். இ.சி.எச்.81, இ.பி.எப்.89, இ.எல்.84 மூன்றும் சேர்ந்து 1.36 ஆம்பியர். கிடாருக்கு வேண்டியது இ.சி.சி.83 ஒன்று, இ.எல்.84 ஒன்று. 1.06 ஆம்பியர்தான். டயல் பல்பையும் கழற்றினால் இன்னும் மிச்சம். டிரான்ஸ்பார்மர் ஜம்மென்று ஓடும்.

விதி ஒன்றே: பழைய வால்வுகள் இழுத்ததை விடப் புதுசு அதிகம் இழுக்கக் கூடாது.

டயோடு போட்டால் டமார்!

ரெக்டிபயர் வால்வு போச்சு என்றால் டயோடு மாட்டுகிறார்கள். விலை குறைவு. 5 வோல்ட் சுற்றின் பாரமும் மிச்சம். ஆனால் வோல்டேஜ் எகிறும்!

250-0-250 டிரான்ஸ்பார்மரில் டயோடு போட்டால் உச்சம் 353 வோல்ட் வரை போகும். வால்வு ரெக்டிபயர் கொஞ்சத்தைத் தானே விழுங்கிவிடும், டயோடு விழுங்காது. இ.எல்.84-இன் பிளேட்டுக்கு வரம்பு 300 வோல்ட். 350 வோல்ட் கன்டென்சர் இருந்தால் வெடிக்கும். ஆகவே ரெசிஸ்டர் போட்டுக் குறைக்கணும். கன்டென்சர் 450 வோல்ட் ரகம் போடணும்.

மாட்டும் முன் பரீட்சை

அமெரிக்க டிரான்ஸ்பார்மரில் கறுப்பு ஒயர் மெயின்ஸ், சிவப்பு ஹை டென்ஷன், பச்சை 6.3 வோல்ட், மஞ்சள் 5 வோல்ட். மற்ற ஊர்ச் சரக்கில் கலரை நம்பாதீங்க. மீட்டரில் ஓம்ஸ் பாருங்க. அதிக ஓம்ஸ் காட்டுவது ஹை டென்ஷன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுவது ஹீட்டர். சுற்றுக்கும் இரும்புக்கும் நடுவே மீட்டர் அசையக் கூடாது. மெக்கர் வைத்துப் பார்த்தால் இன்னும் நிச்சயம்.

அப்புறம் சீரிஸ் லேம்ப். 40 வாட் குண்டு பல்பை வரிசையில் போட்டு, ஆம்பிளிபயர் ஒயர்களைத் தனித்தனியாக டேப் சுற்றி, மெயின்ஸ் கொடுங்க. பல்பு எரியாமலோ மங்கலாகவோ இருந்தால் பாஸ். பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு ஆகாது.

மாட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய பின் டிரான்ஸ்பார்மரைத் தொட்டுப் பாருங்க. கையே வைக்க முடியவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால் அதுக்கு அந்த வேலை ஆகாது. ஆனால் பிளக்கைப் பிடுங்கின பிறகும் கன்டென்சரில் 300 வோல்ட் பதுங்கியிருக்கும். அதை இறக்காமல் சேசிஸுக்குள் விரல் நுழைக்கக் கூடாது!

மெயின்ஸ் பக்கம் பியூஸ், மூன்று பின் பிளக், சேசிஸுக்கு நல்ல எர்த். இந்த மூன்றும் இல்லாமல் கிடாரைச் செருகாதீங்க. மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள், தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம்.

டிரான்ஸ்பார்மர் இல்லாத பெட்டியா? முதலில் டிரான்ஸ்பார்மர் வாங்குங்க. அப்புறம் கிடார் வாசிங்க!