படித்தது ஏன் மறந்துபோகுது? பிள்ளைகளுக்குப் படிக்கும் முறையைப் பழக்குவோம்

பாடத்தை மூன்று தடவை வாசித்தாச்சு. முக்கியமான வரிக்கெல்லாம் கலர் பென்சிலில் கோடும் போட்டாச்சு. "எல்லாம் தெரியும்மா" என்று பிள்ளை சொல்கிறது. ஆனால் கேள்வித்தாள் கைக்கு வந்ததும் பாதி ஞாபகத்துக்கு வருவதில்லை. உடனே நாம், "கவனமில்லை, இன்னும் நல்லா படி" என்கிறோம். 'நல்லா படி' என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இது இன்னும் கொஞ்சம் சிக்கலான விஷயம். அப்பா சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிறார். அம்மா விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடிக்கிறார், அல்லது அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவுக்கு வேலைக்குப் போகிறார். வீட்டில் பேசுவது தெலுங்கோ கன்னடமோ உருதுவோ, பாடப்புத்தகம் தமிழில். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லாத வீடுகள் இங்கே நிறைய. அந்தப் பிள்ளைகள் தானாகப் படிக்கத் தெரிந்துகொண்டால்தான் கரையேற முடியும். நல்ல செய்தி என்னவென்றால், அது பழகக்கூடிய ஒரு திறன்தான்.

வாசிப்பதும் கற்பதும் ஒன்றா?

2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் ஒரு சிறு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே மறுபடி வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, மறுபடி வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

உங்கள் பிள்ளை "தெரியும்" என்று சொன்னது பொய்யில்லை. அந்த ஐந்து நிமிடத்துக்கு அது தெரியும். தேர்வு வருவதோ பல வாரம் கழித்து.

நம் பள்ளிகளில் இருந்த ஏணி

தானாகக் கற்கும் முறை நமக்குப் புதிதல்ல. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி அனுபவத்தைப் பின்பற்றி, 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-இல் அது மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. பாடங்கள் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரிக்கப்பட்டன. 'நான் எந்தப் படியில் இருக்கிறேன், அடுத்தது எது' என்பதைக் குழந்தையே சுவரில் இருந்த ஏணிப்படி அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கு ஏற்பக் கற்கிறார்கள்.

ஆறாம் வகுப்புக்கு மேல் அப்படி ஒரு ஏணியைச் சுவரில் யாரும் மாட்டித் தருவதில்லை. தன் ஏணியைப் பிள்ளையே செய்துகொள்ள வேண்டும். அதற்கு உதவும் நான்கு பழக்கங்கள் இதோ.

1. மூடிவைத்து எழுது: ஒரு பகுதியை வாசித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்க. நினைவில் இருப்பதை ரஃப் நோட்டில் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்கட்டும். இன்னும் படிக்க வேண்டியது எது என்பதை அந்த நிறமே காட்டிவிடும்.

2. இடைவெளி விட்டுத் திரும்பு: தளி, பாகலூர் பக்கம் பூ வளர்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்க. ஒரு வாரத் தண்ணீரை ஒரே ராத்திரியில் பாய்ச்ச மாட்டார்கள், சொட்டுநீர் விடுவார்கள். பாடமும் அப்படித்தான். இன்று படித்ததை நாளை மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை பத்து நிமிடம் நினைவுபடுத்திப் பார்த்தால் போதும். தேர்வுக்கு முந்தின ராத்திரி முழுக்கக் கண்விழிப்பதைவிட இது நிலைக்கும்.

3. வீட்டு மொழியில் சொல்: ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெலுங்கிலோ கன்னடத்திலோ விளக்கட்டும். மனப்பாடம் செய்த வரியை அப்படியே இன்னொரு மொழியில் ஒப்பிக்க முடியாது, புரிந்திருந்தால்தான் சொல்ல வரும். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறதோ, அங்கேதான் புரியவில்லை. அதன்பின் அதையே தமிழில் எழுதட்டும். கேட்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. "ஏன் அப்படி?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

4. தப்பை வகை பிரி: திருத்திய விடைத்தாள் வீட்டுக்கு வந்தால் மார்க்கை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீங்க. ஒவ்வொரு தவறுக்குப் பக்கத்திலும் காரணத்தை எழுதச் சொல்லுங்க: 'தெரியவில்லை', 'கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை', 'கணக்கில் கவனப்பிசகு'. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

போன் எப்போது வேண்டும்?

மேலே சொன்ன நான்குக்கும் போன் தேவையில்லை. போன் அப்பாவோடு ஷிப்டுக்குப் போய்விட்ட நேரத்திலும் இவை நடக்கும். போன் வீட்டில் இருக்கும் அரை மணி நேரத்தை, நோட்டில் வேறு நிற மையில் எழுதிய பகுதிக்கு மட்டும் ஒதுக்குங்க.

• அரசுப் பாடப்புத்தகத்தில் உள்ள க்யூஆர் கோடை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ திறக்கும். வைஃபை உள்ள இடத்தில் டவுன்லோடு செய்துவைத்தால் பிறகு டேட்டா இல்லாமலும் பார்க்கலாம்.

• பள்ளிக் கல்வித் துறை 2023 ஜூலையில் வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடங்கள் சிறு சிறு வீடியோக்களாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. தோண்டத் தோண்ட நீர் ஊறும் மணற்கேணி என்ற திருக்குறள் உவமைதான் பெயருக்குக் காரணம்.

• படிப்பு, தேர்வு பயம், உயர்கல்வி பற்றிய சந்தேகங்களுக்கு 14417 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

இரண்டு செயலிகளுக்கும் கட்டணம் கிடையாது. பணமோ ஓடிபியோ கேட்டால் அது போலி. வீடியோ ஓடும்போது நடுநடுவே நிறுத்தி, "இப்போ என்ன சொன்னாங்க?" என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே போனால், அது மறுபடி வாசிப்பதைப் போலத்தான். மணற்கேணியும் தோண்டினால்தானே ஊறும்!

பத்தாம் வகுப்போடு முடிவதில்லை

இந்தப் பழக்கம் பொதுத்தேர்வுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். லைனுக்குப் புது மெஷின் வந்தால், அதைச் சீக்கிரம் கற்றுக்கொள்பவருக்குத்தான் அடுத்த பொறுப்பு கிடைக்கும். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துவிட்டு நாளை அதே கேட்டுக்குள் நுழையப்போகும் பிள்ளைக்கு, எந்தப் பாடத்தையும்விட, புதியதை எப்படிக் கற்பது என்ற தெளிவு அதிக நாள் துணைவரும்.

இன்றிலிருந்து ஒரே ஒரு மாற்றம் செய்து பாருங்க. வேலை முடிந்து வந்ததும் "படிச்சிட்டியா?" என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். "இன்னைக்குப் படிச்சதுல ஒண்ணு எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்க. ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் போதும். பாடம் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லிப் பார்க்கும்போது உங்கள் பிள்ளைக்குப் புரியும்.