காவடிச் சிந்தும் ஆச்சியின் இரண்டு அடியும்

ஆனி மாதம் பிறந்தால் குறிகட்டுவான் துறையில் சனம் நிறைந்துவிடும். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குப் போகின்றவர்கள் அங்கேதான் படகு ஏறுகிறார்கள். நேர்த்திக்கடன் வைத்த ஆண்கள் காவடி எடுப்பார்கள். பெண்கள் பாற்செம்பும் கற்பூரச் சட்டியும் எடுப்பார்கள். வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கோயில்களிலும் இதே வழக்கம்தான். காவடி ஆடத் தொடங்கியதும் நாதஸ்வரக்காரர் ஒரு துள்ளல் மெட்டை எடுப்பார். தவில் அதற்கு ஏற்றபடி அடி எடுத்துக் கொடுக்கும். வேடிக்கை பார்த்து நிற்கும் சிறுபிள்ளையின் காலும் தானாக அசையத் தொடங்கும்.

அந்த மெட்டுக்குக் காவடிச் சிந்து என்று பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அதற்குப் புகழ் தேடித் தந்த பாட்டுகளைக் கட்டியவர் யார் என்று தீவகத்தின் மாதர் சங்கக் கூட்டங்கள் சிலவற்றில் கேட்டுப் பார்த்தேன். "அது பழைய பாட்டு", "சனங்கள் பாடின பாட்டு" என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது. ஒரு கவிஞருக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், பெண்களாகிய நாம் யோசிக்க வேண்டிய ஒரு விஷயமும் அதற்குள் இருக்கிறது.

அவர் பெயர் அண்ணாமலை ரெட்டியார். தமிழ்நாட்டில் சங்கரன்கோவிலுக்கு அருகேயுள்ள சென்னிகுளம் என்ற சிற்றூரில் 1865ஆம் ஆண்டு பிறந்தார். அன்று திருநெல்வேலிச் சீமையாக இருந்த அந்தப் பகுதி 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் அடங்குகிறது. சேற்றூர் இராமசாமிக் கவிராயரிடம் தமிழ் படித்த இவர், பின்னர் திருவாவடுதுறை ஆதீனத்துக்குச் சென்று சுப்பிரமணிய தேசிகரிடமும் உ.வே.சாமிநாதையரிடமும் பாடம் கேட்டார். பழைய ஏடுகளைத் தேடித்தேடிப் பதிப்பித்தாரே, அதே சாமிநாதையர்தான்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியவரை ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் ஆதரித்தார். ஜமீன்தார் முருக பக்தர். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடையாகப் பாடிக்கொண்டு போவதற்கு அண்ணாமலை ரெட்டியார் பாடிக் கொடுத்தவையே காவடிச் சிந்துப் பாடல்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

அவருக்கு முன்னரும் காவடி எடுத்தவர்கள் பாடிக்கொண்டுதான் நடந்தார்கள். தோளிலே பாரம், காலிலே வெயில், போகவேண்டிய தூரமோ பல மைல். பாட்டு இல்லாமல் எப்படி நடப்பது? அந்தப் பாட்டின் நடையை அண்ணாமலை ரெட்டியார் அப்படியே எடுத்துக்கொண்டார். தாம் கற்ற இலக்கியத்தின் எதுகை, மோனை, இயைபு எல்லாவற்றையும் அதிலே நெருக்கமாகத் தொடுத்தார். சொற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுவதுபோல இருக்கும். படித்தவர் பொருளை ரசிக்கலாம், எழுத்தறியாதவர் தாளத்தை ரசிக்கலாம். சங்கரன்கோவில் திரிபந்தாதி, வீரைத் தலபுராணம் போன்ற புலமை நூல்களும் அவர் செய்திருக்கிறார். ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது நடந்து போகிறவர்களுக்காகப் பாடிய சிந்துதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காவடிச் சிந்தில் முருகனின் புகழும் கழுகுமலையின் வளமும் மாத்திரம் பாடப்படவில்லை. முருகனை நினைத்து வாடும் ஒரு பெண் தன் தோழியிடம் மனம்விட்டுப் பேசும் பாட்டுகளும் உண்டு. ஓர் ஆண் புலவர் பெண்ணின் குரலில் பாடினார். அது புத்தகமாக அச்சேறியது. பிறகு இசைக் கச்சேரி மேடையிலும் ஏறியது.

அண்ணாமலை ரெட்டியார் 1891இல் காலமானார். வயது 26தான். அவர் மறைந்தபோது, கழுகுமலைக்குப் பக்கத்திலுள்ள எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி சிறு பிள்ளை. பின்னாளில் பாரதியார் தம் பாட்டுகளுக்குச் சிந்து மெட்டுகளை விரும்பி எடுத்துக்கொண்டார். சிந்து அப்படியே வளர்ந்து வந்தது.

இதே காலத்தில் ஐரோப்பாவில், ஆஸ்திரியா நாட்டிலும் இதுபோன்ற ஒருவர் இருந்தார். தோமஸ் கொஷாட் என்பது அவர் பெயர். மலையும் ஏரியும் நிறைந்த கரிந்தியா என்ற பகுதியில் 1845ஆம் ஆண்டு பிறந்தார். படிப்பதற்காக வியன்னா நகருக்குப் போனவர், அங்கே அரச இசை நாடக அரங்கின் பாடகர் குழுவில் சேர்ந்தார். நகரத்தில் வாழ்ந்தாலும் தம் ஊர்ப் பேச்சுமொழியிலேயே ஊர் மெட்டில் பாட்டுகள் கட்டினார். கைவிடப்பட்ட ஒருவரின் துயரத்தைச் சொல்லும் அவருடைய பாட்டு ஒன்று நாடு நாடாகப் பரவியது. அதை யாரோ பழைய காலத்தவர் கட்டிய நாட்டுப் பாட்டு என்றே பலர் எண்ணினார்கள். ஆனாலும் 1914இல் அவர் இறந்த பின் அவர் பெயர் அழியவில்லை. பாட்டுகள் அச்சில் இருந்தன, பெயரும் கூடவே இருந்தது.

இந்த இரண்டு பேருக்கும் பொதுவானவை என்ன? திறமை உண்டு. அதோடு, பாடச் சொல்லிக் கேட்க ஆள் இருந்தார்கள், அச்சிட வசதி இருந்தது, இது இன்னாருடைய பாட்டு என்று சொல்ல ஒரு தாள் இருந்தது. நம்முடைய தீவுகளில் பாட்டுக் கட்டிய பெண்களுக்கு இவற்றில் ஒன்றுமே கிடைக்கவில்லை.

தாலாட்டும் ஒப்பாரியும் ஊஞ்சற் பாட்டும் பெரும்பாலும் பெண்கள் கட்டியவைதான். கரைவலை இழுக்கும் ஆண்களின் அம்பாப் பாட்டுப் போலவே, அவையும் வேலையோடும் வாழ்க்கையோடும் ஒட்டிப் பிறந்தவை. மக்கள் கவிமணி மு. இராமலிங்கம் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடி நாட்டார் பாடல்களைச் சேர்த்து நூலாக்கினார்கள். அந்த உழைப்பு இல்லையென்றால் நமக்கு இன்னும் குறைவாகவே எஞ்சியிருக்கும். ஆனாலும் பாட்டைக் கட்டிய பெண்ணின் பெயர் எங்கேயும் இல்லை.

நெடுந்தீவில் முதியோருக்கான ஒரு கூட்டத்தில் ஓர் ஆச்சி தாலாட்டுப் பாடினார். தாய்மாமன் கொழும்புக் கடையிலிருந்து குழந்தைக்கு என்னென்ன கொண்டுவருவான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் போகும் பாட்டு அது. தீவக ஆண்கள் தென்பகுதிக் கடைகளுக்கு உழைக்கப் போன ஒரு காலத்தின் வரலாறே அதற்குள் இருந்தது. "ஆச்சி, இது ஆர் கட்டின பாட்டு?" என்று கேட்டேன்.

"அம்மா பாடினது பிள்ளை. அவவுக்கு அம்மம்மா சொல்லிக் குடுத்தது. கடைசி ரெண்டு அடியும் நான் சேர்த்தனான். அவர் கடலுக்குப் போய் வரப் பிந்தின ஒரு இரவு, மூத்தவனை ஆட்டேக்க வந்தது. அது என்ன பெரிய பாட்டே?"

பெரிய பாட்டுத்தான். ஆனால் அந்த இரண்டு அடியும் ஆச்சியின் மூன்று பிள்ளைகளுக்கும் தெரியாது. மூவரும் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 1990இல் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்தது. பலர் திரும்பவே இல்லை. பாட்டு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதற்கு அயல் வேண்டும், ஒன்றாகச் செய்யும் வேலை வேண்டும், பேரப்பிள்ளை மடியில் இருக்க வேண்டும். அந்த மூன்றும் ஒரேயடியாகக் குலைந்தன. இன்று பாட்டுத் தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தொட்டு நிற்கிறார்கள்.

சகோதரிகளே, இதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை. உங்கள் கையில் இருக்கும் தொலைபேசியே போதும். அம்மாவையோ அப்பாச்சியையோ அமைதியான நேரத்தில் இருத்திப் பாடச் சொல்லுங்கள். பாடுவதற்கு முன் அவர் தம் பெயரையும் ஊரையும் வயதையும் சொல்லட்டும். யாரிடம் கேட்டுப் பழகினார், எந்த இடத்தில் தாமாகச் சேர்த்தார் என்பதையும் கேளுங்கள். ஊர்ச் சொற்களைத் திருத்த வேண்டாம். "இது பிழையான தமிழ்" என்று சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார். ஒப்பாரியைச் சாவீடு இல்லாத இடத்தில் பாடக்கூடாது என்று நினைப்பவர்கள் உண்டு. இழப்பைச் சுமந்தவர்களுக்கு அது பழைய காயத்தைக் கிளறவும் கூடும். அவர்கள் விரும்பினால் மாத்திரம் கேளுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா என்று அனுமதியும் கேளுங்கள்.

பதிந்ததைத் தொலைபேசியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். ஒரு கொப்பியில் எழுதி, பிள்ளைகளுக்கும் ஊர்ப் பாடசாலைக்கும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். நூலகம் நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் இலங்கைத் தமிழர் ஆவணங்களை இணையத்தில் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. மாதர் சங்கங்கள் பாட்டுகளைத் திரட்டி அவர்களோடு தொடர்புகொள்ளலாம்.

நெடுந்தீவு ஆச்சியின் பாட்டை நான் எழுதியபோது, கடைசி இரண்டு அடிக்கு மேலே அவர் பெயரையும் எழுதி வாசித்துக் காட்டினேன். "என்ர பேரோ?" என்று சிரித்தார். பிறகு கொப்பியை வாங்கித் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தகப்பனின் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கொப்பியின் ஒரு பிரதி வெளிநாட்டில் இருக்கும் மூத்த மகனுக்குப் போயிருக்கிறது.