கைப்பக்குவம் பிடிபட்ட கதை

"சாம்பாருக்கு எவ்வளவு உப்பு?" என்று உங்கள் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள். "திட்டமாய்ப் போடேன்!" என்பார். அந்தத் 'திட்டம்' அவர் கைக்குத் தெரியும். வாயால் சொல்லத்தான் வராது. அவருக்குப் பிறகு அந்த ருசியும் வீட்டை விட்டுப் போய்விடுகிறது.

இதே நஷ்டம் தொழிற்சாலைகளுக்கும் காரியாலயங்களுக்கும் உண்டு. முப்பது வருஷம் உழைத்தவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெறும்போது, அவருடைய அநுபவமும் கூடவே படியிறங்கி விடுகிறது. அதைப் போகவிடாமல் பிடித்து வைப்பதற்கென்றே இன்று ஓர் உத்தியோகம் இருக்கிறது. 'அறிவு மேலாண்மை' என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஜப்பானில் ஒரு பெண்மணி அதைச் செய்து காட்டிய விதத்தைக் கேளுங்கள்.

1985-ம் வருஷம். இன்று பானாஸோனிக் என்று நாம் அறிந்திருக்கும் மாட்சுஷிடா கம்பெனியார், வீட்டிலேயே ரொட்டி சுடும் யந்திரம் ஒன்றைச் செய்ய முயன்று கொண்டிருந்தார்கள். ரொட்டியின் மேல்தோல் முறுகிப் போயிற்று, உள்ளேயோ வேகவில்லை. கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் யந்திரம் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். ரகசியம் பிடிபடவில்லை.

அங்கே வேலை பார்த்த இகுகோ டனாகா ஒரு காரியம் செய்தார். ரொட்டிக்குப் பெயர் பெற்ற ஒஸாகா இண்டர்நேஷனல் ஹோட்டலுக்குப் போய், தலைமை ரொட்டிக்காரரிடமே சிஷ்யையாகச் சேர்ந்துவிட்டார்! பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டார். ஒரு நாள் விஷயம் விளங்கிற்று. அந்த மனிதர் மாவை வெறுமே பிசையவில்லை, இழுத்து முறுக்குகிறார்!

பிறகு எஞ்சினீயர்களோடு சேர்ந்து ஒரு வருஷம் பாடுபட்டார். யந்திரத்தின் உட்புறத்தில் மேடான வரிகள் சிலவற்றை அமைத்ததும் ரொட்டி பக்குவமாக வந்தது. முதல் வருஷமே விற்பனை அமோகம்! இகுஜிரோ நொனாகா என்ற பேராசிரியர் 1991-ல் இதை எழுதிய பிறகு, நிர்வாகம் படிப்பவர்களுக்கு இது பாடமாகிவிட்டது.

இந்தத் துறையில் பலவித வேலைகள் உண்டு. அநுபவசாலிகளிடம் பேசி எழுதி வைப்பவர் ஒருவர். எழுதியதை இனம் பிரித்து அடுக்குபவர் ஒருவர். தேடி வருவோருக்குச் சட்டென்று எடுத்துக் கொடுப்பவர் இன்னொருவர். நூலக விஞ்ஞானம் படித்த பெண்களுக்கு இது நல்ல வாசல். கம்ப்யூட்டர் பழக்கமும் வேண்டும். ஆனால் அதைவிட முக்கியமானது, பொறுமையாகக் கேட்கும் காது. "சொல்லிக் கொடுத்துவிட்டால் நம் மதிப்புப் போய்விடுமோ?" என்ற பயம் யாருக்கும் இருக்கும் அல்லவா? அந்தப் பயத்தைப் போக்கி, சொன்னவர் பெயரை மறைக்காமல் எழுதுகிற நேர்மையும் வேண்டும்.

உங்கள் பெண் இந்த உத்தியோகத்துக்குப் போகிறாளோ இல்லையோ, நாளைக் காலையில் நீங்கள் ஒன்று செய்யலாம். மாமியார் உப்பை அள்ளும்போது ஒரு ஸ்பூனோடு பக்கத்தில் நில்லுங்கள். 'திட்டம்' எத்தனை ஸ்பூன் என்று அளந்து, அவர் பெயரைப் போட்டே எழுதி வையுங்கள்!