அளவுகளின் கதை – 9: ஐந்து இலட்சத்தில் தொடங்கும் மலை

மூடுபனி விலகும் நேரத்தில் நுவரெலியா நகரிலிருந்து வடக்கே பார்த்தால் பீதுருதலாகலை தெரியும். உயரம் 2,524 மீட்டர். இலங்கையின் மிக உயர்ந்த மலை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. நாட்டின் நில வரைபடங்களுக்கான ஆயத்தொலைவுக் கணக்கு அந்த உச்சியில் வைத்துத்தான் தொடங்குகிறது. 1999ஆம் ஆண்டின் இலங்கை ஆயக் கட்டமைப்பில் அந்தப் புள்ளியின் எண்கள்: கிழக்கு 500,000 மீட்டர், வடக்கு 500,000 மீட்டர்.

தொடக்கம் என்றால் பூச்சியம்தானே இருக்க வேண்டும்? இருந்திருக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் மலைக்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஊர்களுக்கெல்லாம் கழித்தல் எண் வந்து சேரும். ஒரு குறியைத் தவறவிட்டால் தெற்கே உள்ள காணி வடக்கே போய்விடும். அதனால் ஐந்து இலட்சத்தை முன்கூட்டியே கூட்டி வைத்துவிட்டார்கள். ஹட்டன் அங்கிருந்து சுமார் 19 கிலோமீட்டர் மேற்கே, 12 கிலோமீட்டர் தெற்கே. ஆகவே ஹட்டனின் எண்கள் ஏறத்தாழ 481,000, 488,000. நாட்டில் எந்த ஊருக்கும் கழித்தல் குறி தேவையில்லை.

அதே கட்டமைப்பில் இந்த உச்சியின் அட்சரேகை 7 பாகை 00 கலை 01.69750 விகலை. கடைசி இலக்கத்தைப் பாருங்கள். ஒரு விகலை நிலத்தில் ஏறக்குறைய 31 மீட்டர். அதை இலட்சம் பங்காக்கினால் வருவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கைப்பேசி வேறு எண் காட்டினால் பயப்பட வேண்டாம். அது பூமியின் உருவத்தை வேறு விதமாக வைத்துக் கணக்கிடுகிறது.

இத்தனை நுட்பத்துக்கு வழி வகுத்தது, கோணம் அளக்கும் கருவியான தியோடலைட். நில அளவையாளர்களின் பெட்டிக்குள் இருந்த அரசன் அது. தேயிலைச் சரிவில் அதை நிறுத்துவதே ஒரு கலை. முக்காலியின் ஒரு காலை மேட்டுப் பக்கமும் இரண்டு கால்களைப் பள்ளப் பக்கமும் ஊன்ற வேண்டும். மாற்றி ஊன்றினால் சாய்ந்துவிடும். நடுவிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டின் முனை, கீழே கல்லில் கொத்திய புள்ளிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அதன் பிறகு மட்டம்.

அடித்தட்டில் மூன்று திருகுகள் உண்டு. ரசமட்டக் குழாயை முதல் இரண்டு திருகுகளுக்கு இணையாகத் திருப்பி, இரு கட்டைவிரல்களாலும் ஒரே நேரத்தில் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திருக வேண்டும். இடது கட்டைவிரல் போகும் திசையில்தான் குமிழி போகும். புதிதாகப் பழகுபவருக்கு முதலில் சொல்லித் தரும் பாடங்களில் ஒன்று இது. பிறகு கருவியைக் கால்வட்டம் திருப்பி மூன்றாவது திருகால் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

வேலை முடிந்ததா? இல்லை. இப்போது கருவியை அரைவட்டம் திருப்புகிறார்கள். குமிழி நடுவிலேயே நின்றால் சரி. விலகினால் குழாயிலேயே பிழை இருக்கிறது. விலகிய தூரத்தில் பாதி கருவியின் சாய்வு, மீதிப் பாதி குழாயின் பிழை. முதல் பாதியை அடித்திருகால் சரிசெய்து, மறு பாதியைக் குழாயின் சிறு திருகால் சரிசெய்வார்கள். தன்னைத் தானே சோதிக்க இன்னொரு கருவியை இரவல் கேட்காத இந்த முறையை எத்தனை முறை பார்த்தாலும் வியப்பு அடங்காது.

தொலைநோக்கிக்கும் இதே நியாயம்தான். குறுக்கிழைகளை ஒரு முறை இடமுகமாக வைத்துக் குறி பார்ப்பார்கள்; பிறகு தொலைநோக்கியைக் குப்புறப் புரட்டி வலமுகமாக அதே குறியைப் பார்ப்பார்கள். இரண்டின் சராசரியில் பார்வைக் கோட்டின் பிழையும் கிடை அச்சின் பிழையும் அடிபட்டுப் போகும். செங்குத்து அச்சு சாய்ந்திருந்தால் மட்டும் எத்தனை முறை புரட்டினாலும் போகாது. அதனால்தான் குமிழிக்கு அத்தனை மரியாதை.

கருவி சரியாக இருந்தாலும் மலை சும்மா விடாது. பீதுருதலாகலையிலிருந்து ஹட்டனுக்கு நேர்கோட்டில் சுமார் 23 கிலோமீட்டர். கோணத்தில் ஒரு விகலை தவறினால் அங்கே 11 சென்டிமீட்டர் தவறும். உயரத்தின் கணக்கு இன்னும் கடினம்: பூமியின் வளைவு மட்டும் அந்தத் தூரத்தில் 41 மீட்டர். காற்றில் ஒளி வளைவதால் அதில் ஐந்தாறு மீட்டர் குறையும். மிச்சத்தைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

1808இல் தஞ்சாவூரில் நில அளவையாளர் வில்லியம் லாம்டனின் பெரிய தியோடலைட் கோயில் கோபுரத்துக்கு ஏற்றப்பட்டபோது கயிறு அறுந்து மோதிச் சிதைந்தது. அரை டன் எடை கொண்ட அந்தக் கருவியின் வளைந்த வட்டத்தை அவரே பல வாரம் உட்கார்ந்து நிமிர்த்தினார். அதன் பிறகும் அதை வைத்தே தென்னிந்தியாவை அளந்தார். அடிபட்ட கருவியின் வாசிப்பை நம்ப முடிந்தது, அதன் பிழையைக் கண்டு கழிக்கத் தெரிந்திருந்ததால்தான்.

நிலம் அளக்கும் இந்தப் பழக்கம் அறிவியல் கருவிகளை நிறுத்தும் வேலைக்கும் அப்படியே போயிருக்கிறது. வானிலை நிலையங்களில் வெயில் நேரத்தைப் பதிய ஒரு கண்ணாடிக் குண்டு வைப்பார்கள். 1853இல் கேம்பெல் உருவாக்கி, 1879இல் ஸ்டோக்ஸ் திருத்திய கருவி அது. குண்டு வெயிலைக் குவித்து, பின்னால் உள்ள அட்டையில் ஒரு கோடாகச் சுட்டுவிடும். தேயிலைக்கு மழை எவ்வளவோ, வெயிலும் அவ்வளவு முக்கியம். ஆனால் குண்டை மேசையில் வைத்தால் போதாது. ரசமட்டத்தால் மட்டம் பார்க்க வேண்டும். ஊரின் அட்சரேகைக்கு ஏற்பச் சாய்க்க வேண்டும். நுவரெலியாவில் அது 7 பாகை. மூன்றாவதாக, மெய்வடக்கை நோக்கித் திருப்ப வேண்டும். திருப்பம் தவறினால் சுட்ட கோடு அட்டையின் நடுக்கோட்டுக்கு இணையாக ஓடாது.

மெய்வடக்கைக் கண்டுபிடிக்கத் திசைகாட்டி உதவாது. அது காட்டுவது காந்த வடக்கு. ஒரு நூலும் தூக்குக்குண்டும் போதும். இலங்கை நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்குரியது. நுவரெலியாவோ 80¾ பாகையில் இருக்கிறது. அதனால் அங்கே சூரியன் உச்சம் தொடுவது சராசரியாக 12 மணி 7 நிமிடத்துக்கு. நவம்பர் தொடக்கத்தில் அது 11.51 ஆகும், பெப்ரவரி நடுவில் 12.21 ஆகும். அந்தக் கணத்தில் நூலின் நிழல் விழும் கோடுதான் மெய்யான வடக்கு தெற்கு. ஏப்ரல் 8, செப்டெம்பர் 5 ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். நூலுக்கு நிழலே இருக்காது.

ஜெனீவா அருகே துகள் முடுக்கியின் 27 கிலோமீட்டர் வளையத்தில் காந்தங்களை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரிசைப்படுத்தியவர்கள் கையில் லேசர் இருந்தது. இழுத்துக் கட்டிய கம்பியும் தண்ணீர் மட்டமும் அதற்குத் துணை நின்றன. சரியான புள்ளி ஒன்றைத் தேர்வது, கருவியைச் சந்தேகிப்பது, புரட்டிப் பார்ப்பது: வேலை அதேதான்.

நாட்டின் அளவெல்லாம் தொடங்கும் இந்த மலையின் அடிவாரத்தில், அந்த நாட்டில் காணி மிகத் தாமதமாக எட்டிய மலையகத் தோட்ட மக்கள் இருக்கிறார்கள். மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இன்னும் லயன் அறைகளில் பலர். அவர்களுக்கு வீட்டோடு கொடுக்கப்பட்டுவந்த 7 பேர்ச்சஸ் காணி என்பது 1,906 சதுர அடி, ஏறக்குறைய 177 சதுர மீட்டர். அந்தத் துண்டு உங்கள் கைக்கு வரும் நாளில் சாவியோடு திரும்பிவிடாதீர்கள். நில அளவைப் படத்தைக் கேளுங்கள். அதில் அளவையாளரின் கையொப்பமும் திகதியும் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு மூலைக் கற்களையும் நடந்து பார்த்து, படத்தோடு ஒப்பிட்டு, காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

(தொடரும்)