பழைய வேட்டியும் ரவை கேக்கும்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது புதுச்சேரியின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் ரவை வறுபடும் மணம் கிளம்பும். உப்புமாவுக்கு அல்ல, கேக்குக்கு. விவிக்கம் என்று அதற்குப் பெயர். மைதாவின் இடத்தில் ரவை, தாராளமாக வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய உலர்பழங்கள். கேக் என்ற பண்டம் பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்தது. ரவை நம் அடுக்களையில் ஏற்கெனவே இருந்தது. இரண்டையும் யார் முதலில் சேர்த்தார்களோ, நல்ல கை.

ரம்மையும் முட்டையையும் விட்டுவிட்டால், பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்வதற்கு இதைவிடத் தோதான கேக் கிடையாது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் எந்தச் சிற்றூர் மளிகைக் கடையிலும் ரவையும் சர்க்கரையும் சமையல் சோடாவும் கிடைக்கும். தயிர் வீட்டிலேயே இருக்கும். பல வீடுகளில் இல்லாதது ஓவன் மட்டும்தான். அது இல்லாததால்தான் "கேக்கெல்லாம் நமக்கு எதற்கு, கடையில் வாங்கிக்கொள்ளலாம்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

ஓவன் செய்யும் வேலை என்ன? பண்டத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 170, 180 டிகிரி சூட்டை ஒரே சீராக நிறுத்தி வைப்பது. மின்சாரம் வருவதற்கு முன்னால் இந்த வேலையை விறகடுப்புத் தணல் செய்தது. பாத்திரத்தைத் தணல்மேல் வைத்து, மூடியின் மேலும் கொஞ்சம் தணலை அள்ளிப் போடுவார்கள். மேலும் கீழும் நெருப்பு, நடுவில் கேக். கேஸ் அடுப்பில் மேல் நெருப்புக்கு வழியில்லை என்பதால் மணல் அந்த இடத்துக்கு வருகிறது. அடி கனமான பழைய குண்டானில் ஒரு அங்குல உயரத்துக்குக் காய்ந்த மணலோ கல்லுப்போ பரப்பி, அதன்மேல் ஒரு உலோகப் பிரிமனை அல்லது சிறிய ஸ்டாண்டை வைத்து, இறுக்கமான மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். மணல் சூட்டை வாங்கித் தேக்கிக்கொண்டு மெதுவாக வெளியே விடும். மூடிய பாத்திரத்துக்குள் காற்று முழுக்கச் சூடேறும். கேக்கின் அடி கருகாது.

பிரஷர் குக்கரில் ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு இதையே செய்கிறவர்கள் உண்டு. தண்ணீர் இல்லாமல் குக்கரை வெகுநேரம் சூடேற்றக் கூடாது என்பது குக்கர் செய்கிறவர்களே சொல்வது. தினமும் சோறு வடிக்கும் குக்கரைக் கேக்குக்காகக் கெடுத்துக்கொள்வானேன்? பரணில் கிடக்கும் குண்டான் போதும். மண்சட்டியும் சரிதான். வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமை சிற்பங்களுக்கும் பொம்மைகளுக்கும் உரியது என்றாலும், சுட்ட மண் சூட்டை எப்படித் தாங்கும் என்பது அந்த ஊர்ப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டு, முதலில் சிறு தீயில் பழக்கினால் விரிசல் விடாது.

அளவு இவ்வளவுதான். லேசாக வறுத்த ரவை ஒரு கப், சர்க்கரை முக்கால் கப், தயிர் அரை கப், பால் அரை கப், உருக்கிய வெண்ணெய் அல்லது நெய் கால் கப். எல்லாவற்றையும் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்தால் ரவை ஊறி உப்பும். கலவை ரொம்பவும் கெட்டியாகிவிட்டால் இன்னும் இரண்டு கரண்டி பால். கடைசியில்தான் பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன். நெய் தடவிய ஆறேழு அங்குல டின்னில் ஊற்றி, மேலே முந்திரியும் டூட்டி ஃப்ரூட்டியும் தூவிச் சூடேறிய குண்டானுக்குள் இறக்கினால், சிறு தீயில் நாற்பதிலிருந்து ஐம்பது நிமிடம். சூடான குண்டானுக்குள் இறக்குவதும் வெளியே எடுப்பதும் பெரியவர்கள் வேலை. மற்றதெல்லாம் பிள்ளைகள் கையால் நடக்கலாம்.

சோடாவைக் கடைசியில் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே காட்டிவிடலாம். ஒரு கிண்ணத்தில் இரண்டு கரண்டி புளித்த தயிரை எடுத்துச் சிட்டிகை சோடாவைப் போட்டால் நுரைத்துக்கொண்டு எழும். தயிரின் புளிப்பு ஓர் அமிலம். சோடாவோடு சேர்ந்ததும் கரியமில வாயு வெளிப்படுகிறது. அந்தக் குமிழிகள் மாவுக்குள் இருக்கும்போதே சூடு பட்டு மாவு இறுகினால் கேக் மெத்தென்று வரும். கலந்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போனால் குமிழியெல்லாம் போய்விடும். பெரிய வகுப்புப் பாடத்தில் வரப்போகும் விஷயத்தை மூன்றாம் வகுப்புப் பிள்ளை தயிர்க் கிண்ணத்தில் பார்த்துவிடும்.

பொறுமைதான் கடினம். "அம்மா, வெந்துடுச்சா?" என்ற கேள்வி பத்தாவது நிமிடத்தில் ஆரம்பிக்கும். முதல் இருபத்தைந்து நிமிடம் மூடியைத் திறக்காமல் இருப்பது நல்லது. திறந்தால் சூடு இறங்கி நடுப்பகுதி அமுங்கிப்போகும். பிறகு ஈர்க்குச்சியால் குத்திப் பார்க்கலாம். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்தாயிற்று. ஆறுவதற்குள் வெட்டினால் ரவை கேக் உதிர்ந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வைப்பது உத்தமம்.

கேக்கில் கை பழகியவர்கள் அடுத்து நான்கட்டாய்க்குப் போகலாம். சூரத் நகரத்து பேக்கரிகளில் தொடங்கிய பிஸ்கட் இது. இரண்டு பங்கு மாவு, ஒரு பங்கு சர்க்கரைத் தூள், ஒரு பங்கு நெய் என்பதுதான் முழுச் சூத்திரம். மாவில் பாதியைக் கோதுமையாகவும் பாதியை வறுத்த கேழ்வரகாகவும் வைத்துக்கொண்டால் நிறமும் வாசனையும் கூடும். உருட்டித் தட்டுவது நான்கு வயதுப் பிள்ளைக்கும் வரும். அதே மணல் குண்டானில் பதினைந்து, இருபது நிமிடத்தில் வெந்துவிடும்.

கேக்காவது கப்பலேறி வந்த பண்டம். துணி இந்த மண்ணின் பழைய தொழில். பக்கத்து அரியாங்குப்பம் கொம்யூனில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளைத் துணிக்குச் சாயமேற்றிய தொட்டிகள் என்றே அவர் கருதினார். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இங்கிருந்து நீலச் சாயத் துணி கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் வரைக்கும் போனது. 1827-ல் வந்த கிளூனி சபைக் கன்னியரின் எம்பிராய்டரிக் கூடத்தில் பெண்கள் இன்றைக்கும் மேசை விரிப்புகளில் பூ வேலை செய்கிறார்கள். நகரத்து ஆலைகளின் கதை வேறு மாதிரியானது. 1936 ஜூலை 30-ல் உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்த ஆலைகளில் ஒன்றான ஏ.எஃப்.டி.யைக் கடைசியில் 2020-ல் மூடிவிட்டார்கள். இவ்வளவு துணியைப் பார்த்த வட்டாரத்தில், சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊசி கோக்கத் தெரியாமல் பிள்ளைகள் வளர்வது கொஞ்சம் வெட்கமான விஷயம்தான்.

அதனால் தையலைப் பொத்தானிலிருந்தே தொடங்கலாம். வீட்டில் ஏதாவது ஒரு சட்டையில் பொத்தான் அறுந்திருக்கும், வேலை தேடிப் போக வேண்டாம். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு மொட்டை ஊசியும் தடித்த நூலும் கொடுத்துச் சாக்குத் துணியில் ஓட்டுத் தையல் போடச் சொன்னால், இழை பெரிதாக இருப்பதால் ஊசி எங்கே நுழைகிறது என்று கண்ணுக்குத் தெரியும். எட்டு வயதுக்கு மேல் சாதாரண ஊசி. ஓட்டுத் தையல் கைவந்ததும், ஒரு அடி முன்னே அரை அடி பின்னே என்று போகும் கெட்டித் தையல். பாரம் தாங்க வேண்டிய இடத்தில் இதுதான் நிற்கும்.

இந்த இரண்டு தையலும் தெரிந்தால் பை தைத்துவிடலாம். நைந்த வேட்டியை இரட்டையாக மடித்து 15 அங்குல அகலம், 35 அங்குல நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். அதை நடுவில் மடித்தால் மடிப்பே பையின் அடிப்பக்கம், அங்கே தையலே தேவையில்லை. இரண்டு ஓரங்களிலும் அரை அரை அங்குலம் விட்டுக் கெட்டித் தையல். வாய்ப்பக்கம் ஒன்றரை அங்குலம் மடித்துத் தைத்தால், 14-க்கு 16 அங்குலத்தில் மளிகை வாங்கத் தோதான பை. காதுக்கு 22 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் இரண்டு துண்டுகள். நான்காக மடித்தால் ஒரு அங்குலப் பட்டை. அதைப் பையோடு சேர்க்கும் இடத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தைத்தால் காது அறுந்து வராது. 35 ஏன் 32 ஆனது, 15 ஏன் 14 ஆனது என்று பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லலாம்.

சின்னதாகிப் போன பள்ளிச் சீருடைப் பேண்ட் இருந்தால் இன்னும் சுலபம். முழங்காலுக்குக் கீழே வெட்டி, வெட்டிய பக்கத்தைத் தைத்து மூடினால் தண்ணீர் பாட்டில் பை தயார். காலின் கீழ் மடிப்பு ஏற்கெனவே தைத்திருப்பதால் அதற்குள் நாடா கோத்துச் சுருக்குப்பை ஆக்கிக்கொள்ளலாம்.

பைக்கு இப்போது தேவையும் கூடியிருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்களில் பலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. 120 மைக்ரானுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்கு அதே ஆண்டு டிசம்பர் 31 முதல் தடை. தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே தொடங்கியது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், தான் தைத்த பையில் அப்பா காய்கறி வாங்கி வருவதைப் பார்க்கும் பிள்ளை அடுத்த பைக்குத் துணி கேட்கும். வீட்டுக் கைவேலை நிலைப்பதும் நிலைக்காததும் இதில்தான் இருக்கிறது. ஐஸ் குச்சியிலும் தெர்மாகோலிலும் செய்த அலங்காரப் பொருள் ஒரு வாரம் ஷோகேஸில் இருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். பையும் பிஸ்கட்டும் அன்றைக்கே பயன்படும்.

இதற்கு ஒரு விதிவிலக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்த பிறகு, ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்தும் உபாசனா துணி வடிவமைப்புக் கூடம், கடலோரக் கிராமத்துப் பெண்களுக்குத் துணிக்கழிவில் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பொம்மைக்குப் பெயர். விலைக்கு விற்பதில்லை, பரிசாக மட்டுமே கொடுப்பார்கள். விரும்புகிறவர்கள் தரும் நன்கொடையில் பெண்களுக்குக் கூலி போனது. எதற்கும் பயன்படாத பொம்மைதான், ஆனால் கடலைப் பார்க்கவே பயந்திருந்த நாட்களில் கைக்கு ஒரு வேலை தந்தது. இரண்டு விரலகலத் துணித் துண்டு, கொஞ்சம் நூல், அடைக்கப் பஞ்சு இவை போதும் என்பதால், அது போன்ற பொம்மையைப் பிள்ளைகளும் வீட்டில் முயன்று பார்க்கலாம்.

தையல் மெஷின் இருக்கும் வீட்டில் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். எந்திரங்களைச் சந்தேகத்தோடு பார்த்த காந்தியே சிங்கர் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார், எனவே பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. பத்து வயதுக்கு முன்னால் வேண்டாம். பிறகும் முதலில் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை ஓடவிட்டுப் பழகட்டும். ஊசித் துளைகள் கோட்டின்மேல் நேராக விழத் தொடங்கிய பிறகு நூலும் துணியும் தரலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைத்தெருவில் தைப்பவர் பெரும்பாலும் ஆண். பேக்கரி மாஸ்டரும் ஆண். வீட்டுக்குள் வந்ததும் இரண்டுமே பெண் பிள்ளைக்கு மட்டும் உரிய வேலையாக மாறிவிடுவது என்ன நியாயம்? மாவு பிசையவும் ஊசி கோக்கவும் பையன்களையும் உட்கார வைக்க வேண்டும்.

செய்தது நன்றாக வந்துவிட்டால் விற்கும் ஆசையும் வரும். வீட்டில் செய்த உணவுப் பண்டத்தைச் சிறிய அளவில் விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். முறையாகக் கற்க விரும்பும் பெரியவர்கள் குரும்பாபேட்டில் இருக்கும் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில், உணவுப் பண்டப் பயிற்சி எதுவும் நடக்கிறதா என்று விசாரிக்கலாம். ஓவன் வாங்கப் பணம் சேர்ப்பது அதற்குப் பிறகு போதும்.

துணிக்கும் காசு செலவழிக்க வேண்டாம். அடுத்த முறை உள்ளூர்த் தையல்காரரிடம் அளவு கொடுக்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப்போய், "வெட்டுத்துணி இருந்தா ஒரு பை குடுங்கண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். குப்பையில் போடுவதற்கு வைத்திருப்பதைத்தானே கேட்கிறீர்கள், பெரும்பாலும் தருவார்.