தொலைவும் காலமும்

மாணவர்களே! இராயபுரத்துக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குங்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் கடலே தோன்றும். அக்கடலுக்கு அப்பால் அந்தமான் தீவுகள் உள்ளன. அவற்றின் தலைநகரான போர்ட் பிளேர், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.

திருவொற்றியூரில் வாழும் மகன் ஒருவன், அந்நகரில் நோயுற்றுக் கிடக்கும் தாயைக் காண விரைகின்றான் என்று கொள்வோம். ‘எப்பொழுது தாயின் முகத்தைக் காண்பேன்?’ என்பதே அவன் உள்ளத்தில் எழும் வினா. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் சென்றால் ஏறத்தாழ 60 மணி நேரம் ஆகும். ஆதலின் அவன் வானூர்தியையே நாடுவான்.

மீனம்பாக்கத்திற்கும் அந்நகரத்து வானூர்தி நிலையத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் ஆகும். புவி உருண்டை வடிவினது. எனவே, தட்டையான படத்தின்மீது அளவுகோல் வைத்து இத்தொலைவை அளத்தல் பொருந்தாது. புவி உருண்டை ஒன்றின்மேல் இவ்விரண்டு இடங்களையும் இணைத்து நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் செல்லும் வழியே மிகக் குறுகிய வழி. அதனைப் பெருவட்ட வழி என்பர்.

மணிக்கு 800 கிலோமீட்டர் விரைவில் பறந்தால், இத்தொலைவைக் கடக்க 1 மணி 43 நிமிடம் ஆகும். ஆயினும், கால அட்டவணை இரண்டு மணிக்கும் மேலாகக் காட்டுகின்றது. காரணம் என்ன? ஊர்தி நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், மறு நிலையத்தில் வந்து நிற்கும் வரை உள்ள காலம் முழுவதும் அதில் அடங்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும்போதும், மேலே ஏறும்போதும், கீழே இறங்கும்போதும் ஊர்திக்கு முழு விரைவு இராது.

காற்றும் காலத்தை மாற்றும். தென்மேற்குப் பருவக்காற்று தரையை ஒட்டி மேற்கிலிருந்து வீசும் நாள்களில், மிக உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசுகின்றது! இவ்வுயர் காற்றோட்டத்தை ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டீசுவரம் ஆவார். அக்காற்றின் விரைவு மணிக்கு 80 கிலோமீட்டர் எனக் கொண்டால், எதிர்த்துச் செல்லும் ஊர்திக்கு 1 மணி 54 நிமிடம் ஆகும். மீளும்போது 1 மணி 33 நிமிடமே போதும். தொலைவு ஒன்றே, காலமோ வேறு.

இனி, மகனின் பயணத்தை முழுமையாகக் கணக்கிடுவோம். 2021ஆம் ஆண்டு முதல் திருவொற்றியூரிலிருந்து வானூர்தி நிலையம் வரை மெட்ரோ இரயில் ஓடுகின்றது. அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். புறப்பாட்டிற்கு முன் நிலையத்தில் இரண்டு மணி நேரம். அட்டவணைப்படி இரண்டேகால் மணி நேரம். இறங்கியபின் பெட்டியைப் பெற்று வீடு சேர முக்கால் மணி நேரம். ஆக, ஆறு மணி நேரம்.

பறக்கும் நேரத்தை மட்டும் எண்ணிப் புறப்படுவோன் வானூர்தியைத் தவறவிடுவான். வாயிலிலிருந்து வாயில் வரை எண்ணுவோனே உரிய காலத்தில் தாயின் கையைப் பற்றுவான். எச்செயலையும் தொடங்கும் முன் அதன் முதலும் இடையும் முடிவும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் அறிவுடைமையாகும்.