மலைவழி நூலும் கணிப்பொறியும்

திண்டிவனத்தினின்று வல்லம் வட்டாரத்தின் வழியே மேற்றிசை நோக்கிச் செல்வார்க்குக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்தாற்போன்ற பாறைக் குன்றுகள் தோன்றும். அவற்றுட் பெயர்பெற்றவை செஞ்சிக் கோட்டையைத் தாங்கி நிற்கும் இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்றுமாம். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இக்கோட்டையை மராட்டியர் படையரண்களுள் ஒன்றாக உலக மரபுச் சின்னங்களின் வரிசையிற் சேர்த்தது. இங்கு வருவார்க்கு ஏறும் வழியைத் தமிழில் உரைக்கும் சிறுநூல் செய்யப் புகுவோர், அதனை எம்மென்பொருளாற் செய்வது என்னும் வினாவை முதற்கண் எதிர்ப்படுவர்.

எதனாற் செய்யினும் ஒன்றே எனின், அற்றன்று. மலைவழி நூல் கதைநூல் போல்வதன்று. இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. உச்சியை அணுகுமிடத்து 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய பிளவொன்று குறுக்கிட, அதன்மேல் இட்ட பாலத்தைக் கடந்தே மேற்செல்லல் வேண்டும். நண்பகல் வெயிலில் தண்ணீர் தீர்ந்து நிற்பவனுக்குப் படத்திலுள்ள எண் ஒன்றாகவும் உரையிலுள்ள எண் வேறாகவும் இருப்பின் விளையும் இடர் சிறிதோ? (கோட்டை தொல்லியல் துறையின் காவலில் உள்ளதாகலின், பாறையில் ஆணியறைந்து ஏறுதல் ஈண்டுப் பேச்சன்று, படிவழிகளே நூற்பொருள்.)

முதலில் நோக்கத்தக்கது தமிழெழுத்து. 'கோ' என்பதிற் கொம்பு ககரத்திற்கு முன்னும் கால் பின்னும் நிற்பினும், ஒருங்குறியில் அவ்வுயிர்க்குறி ககரத்திற்குப் பின்னரே பதியப்படும். அதனைப் பிரித்து இருபுறமும் நிறுத்துவது மென்பொருளின் கடன். விலையின்றிக் கிடைக்கும் ஸ்கிரைபஸின் பழைய பதிப்புகள் இக்கடனை ஆற்றாமையின் 'கோட்டை' உருக்குலைந்து நின்றது. 2024இல் வெளிவந்த 1.6ஆம் பதிப்பில் அக்குறை நீங்கிற்று. இன்டிசைன் ஆற்றல் மிக்கதே. ஆயினும் இந்திய மொழிகட்குரிய வரியமைப்பைத் தெரிந்துகொள்ளாவிடின் அங்கும் எழுத்துப் பிறழும். அன்றியும் அதற்கு இடையறாது கட்டணம் செலுத்தல் வேண்டும். மாணாக்கர் கைப்பொருட்கு அஃது ஏலாது.

இரண்டாவது, திருத்தம். யாம் இதனையே பெரிதென்போம். இங்கிலாந்தின் ஏரிநாட்டு மலைகளைப் பற்றி வெயின்ரைட் என்பார் 1955 முதல் 1966 வரை ஏழு நூல்களைப் பக்கந்தோறும் தம் கையாலேயே எழுதியும் வரைந்தும் வெளியிட்டார். அழகிற்கு ஈடில்லை. ஆனால் வேலிகளும் வழிகளும் மாறின. 2005 முதல் அவற்றைத் திருத்தி வெளியிட்ட கிறிஸ் ஜெஸ்டி, மூல ஆசிரியரின் கையெழுத்தைப் போன்ற எழுத்துருவைக் கணிப்பொறியில் ஆள வேண்டியதாயிற்று.

இது கருதியே யாம் லாடெக்கைத் தெரிந்தெடுப்போம். தம் நூலின் அச்சுப்படி வனப்பற்றிருந்தமை பொறாது டோனால்டு நூத் 1977இற் படைக்கத் தொடங்கிய டெக்கின் வழிவந்தது அது. ஸீடெக் என்னும் அதன் கிளை ஒருங்குறித் தமிழை நன்கு அச்சிடும். ஒரு வழியை நீக்கினால் எஞ்சிய வழிகளின் எண்களும், 'இன்ன பக்கம் காண்க' என்னும் குறிப்புகளும் தாமே திருந்தும். உரை வெறும் எழுத்துக் கோப்பாதலின், நமக்குப் பின் வரும் வகுப்பினர் எப்பொறியிலும் திறக்கலாம். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வந்து தமிழ் பயில்வாரைச் சில நாள் அச்சுறுத்தும் என்பது மெய்யே.

ஒளிப்படத்தின்மேல் வழிக்கோடு வரைதற்கு இங்க்ஸ்கேப் போதும். கோட்டைப் படத்தோடு ஒட்டாது தனி அடுக்கில் வைத்தால் பின்னர் மாற்றுதல் எளிது. நிலப்படத்திற்கு ஓப்பன்ஸ்டிரீட்மேப்பைக் கொள்ளின் அதன் பெயரை நூலிற் குறித்தல் கடப்பாடு. நூல் முழுவதையும் கோக்குமுன் நான்கு பக்கங்களை அச்சிட்டுக் குன்றின் அடிவாரத்திற் கொண்டுசென்று வெயிலிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். திரையில் விளங்கித் தோன்றிய சாம்பற்கோடு அங்கே கண்ணுக்குப் புலப்படாது.